அக்டோபரில் வரும் அதிர்ச்சி: அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நான் உடைந்து அழுதது ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, அபார்ட்மென்ட் லாண்டரி அறையில். ஊரை விட்டு வந்து பத்து வாரம் ஆகியிருந்தது. வாஷிங் மெஷினில் போட ஒரு குவார்ட்டர், அதாவது 25 சென்ட் நாணயம் குறைந்தது, அவ்வளவுதான் காரணம். சென்னை விமான நிலையத்தில்கூட நான் அழவில்லை. அம்மாதான் அழுதார்.

வந்திறங்கிய புதிதில் அழுதிருந்தால் எனக்கே புரிந்திருக்கும். ஆகஸ்டில் எல்லாமே திருவிழாவாக இருந்தது: அகலமான சாலை, ஹாரன் அடிக்காத வண்டிகள், புல்வெளியில் ஓடும் அணில், போகிற இடமெல்லாம் இலவச பீட்சா. அக்டோபர் நடுவில் மிட்டெர்ம் வந்தது, குளிர் வந்தது, பீட்சா நின்றது. வீட்டில் தீபாவளிக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்கோ அன்றைக்கு லேப்.

இந்த நிலைக்கு 'கலாச்சார அதிர்ச்சி' என்று பெயர். அந்தச் சொல்லைப் பரவலாக்கியவர் கலேர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர். 1954இல் ரியோ டி ஜெனிரோவில், அயல்நாட்டிலிருந்து வந்து அங்கே தங்கியிருந்தவர்களிடம் அவர் இதைப் பற்றிப் பேசினார். முதலில் தேனிலவு, பிறகு நெருக்கடி, பிறகு மெல்ல மீள்வது, கடைசியில் பழகிப்போவது என்று நான்கு கட்டம் சொன்னார். அவர் அடுக்கிய அறிகுறிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: ஒரு நல்ல காபிக்கும் ஒரு துண்டு ஆப்பிள் பைக்கும் மனசு ஏங்குவது. அமெரிக்கர்கள் பிரேசில் போனால் ஆப்பிள் பை, நாம் அமெரிக்கா வந்தால் ஃபில்டர் காபி. சின்னத் தாமதத்துக்குக்கூட அளவுக்கு மீறிக் கோபம் வருவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. என் குவார்ட்டர் நாணயம் அந்த வகை.

நான்கு கட்டமும் பள்ளிக்கூட மணி மாதிரி வரிசையாக வரும் என்று நம்பிவிடாதீர்கள். எனக்கு இரண்டாவது கட்டம் மூன்று முறை வந்தது. ஆனாலும், அடி முதல் வாரத்தில் விழுவதில்லை, எல்லாம் பழகிவிட்டது என்று நினைக்கும்போதுதான் விழுகிறது என்று தெரிந்திருந்தால், அதற்கு முன்பே சிலவற்றைச் செய்து வைக்கலாம். அவற்றைக் கால வரிசையில் சொல்கிறேன்.

கிளம்பும் முன்: முதலில் பெயர்

வேறு நாட்டவருக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது இருக்காது. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் முழுப் பெயரும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. அப்புறம் வங்கி, ஓட்டுநர் உரிமம், கல்லூரி மின்னஞ்சல் எல்லாவற்றிலும் நீங்கள் திருவாளர் எஃப்என்யூ. என் ரூம்மேட்டுக்கு அப்படித்தான் ஆனது, 'டியர் எஃப்என்யூ' என்றே கடிதங்கள் வந்தன.

ஐ-20க்கும் (பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைப் படிவம்) விசாவுக்கும் விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் திருத்தி வாங்குங்கள். எல்லா ஆவணத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருக்கட்டும். அப்பாவின் பெயர் குடும்பப் பெயரானால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதல் நாள் அலுவலகத்தில் என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, அவர்தான் பின்னால் வந்து நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

பெயரை உச்சரிக்க அவர்கள் திணறினால் உடனே 'கிறிஸ்', 'சாம்' என்று மாற்றிக்கொள்ள வேண்டாம். இரண்டு முறை மெதுவாகச் சொல்லிக் கொடுங்கள். பெரும்பாலானவர்கள் கற்றுக்கொள்ளத் தயாராகவே இருக்கிறார்கள்.

பெட்டியைப் பற்றிச் சுருக்கமாக: கறிவேப்பிலையும் அரிசியும் உள்ளே விடமாட்டார்கள், பழம், விதை, இறைச்சியும் வேண்டாம். எந்த உணவுப் பொருள் கொண்டுபோனாலும் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் அதிகபட்சம் அதை எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால்தான் அபராதம். மருந்துக்கு டாக்டர் சீட்டு, கூடுதலாக ஒரு மூக்குக்கண்ணாடி கட்டாயம். குளிருக்கான கோட்டைச் சென்னையில் வாங்காதீர்கள், அங்கே விற்பது ஊட்டிக் குளிருக்கு. ஐ-20இல் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் நாட்டுக்குள் நுழைய முடியாது என்பதையும் டிக்கெட் போடும்போது கணக்கில் வையுங்கள்.

முதல் இரண்டு வாரம்: காகிதமும் தாளிப்பும்

போனதும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். வீடு மாறினால் 10 நாளுக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை. வளாகத்துக்கு வெளியே, 'கேஷ் கையில்' என்று சொல்லும் கடை வேலை, பெட்ரோல் பங்க் வேலை எதையும் தொடாதீர்கள். சீனியர் அண்ணன் செய்தார், ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். ஆகாதவரை ஒன்றும் ஆகாது, மாட்டினால் விசா போய்விடும். சம்பளம் வாங்கத் தேவைப்படும் சோஷியல் செக்யூரிட்டி எண், ஊருக்குள் வந்த உடனே கிடைக்காது, வளாகத்தில் வேலை உறுதியான பிறகுதான் விண்ணப்பிக்க முடியும்.

அடுத்தது அடுப்பு. வீடுகள் மரத்தாலானவை, ஜன்னல்கள் இறுக மூடியவை, கூரையில் புகை உணரும் கருவி. காய்ந்த மிளகாய் தாளித்து அபார்ட்மென்ட் முழுவதையும் ஒலிக்கவிட்ட அனுபவம் இல்லாத தமிழ் மாணவரை நான் பார்த்ததில்லை. கட்டடமே கீழே இறங்கி நிற்கும், தீயணைப்பு வண்டி வரும், நீங்கள் கரண்டியோடு நிற்பீர்கள். அடுப்பைப் பற்றவைக்கும் முன் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள், ஜன்னலைத் திறங்கள், தாளிப்பை மூடிபோட்டுச் செய்யுங்கள். கருவியைப் பிளாஸ்டிக் பை கட்டி மூடுவது நம் ஆட்களின் கண்டுபிடிப்பு. அது லீஸுக்கு விரோதம், உயிருக்கும் ஆபத்து. சமைக்கும்போது ஜாக்கெட்டுகளை வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். நமக்குத் தெரியாத வெங்காய மணம் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியும்.

சைவக்காரர்கள் லேபிளைப் படிக்கப் பழகுங்கள். காய்கறி சூப்பில் கோழி ரசம் இருக்கலாம், மெக்சிகன் பீன்ஸில் பன்றிக் கொழுப்பு, மார்ஷ்மல்லோவில் ஜெலட்டின், தாய்லாந்துக் குழம்பில் மீன் சாஸ். 'வெஜிடேரியன்' என்று சொன்னால் மீன் சாப்பிடுவீர்கள்தானே என்று சிலர் அன்போடு கேட்பார்கள். இன்னதெல்லாம் சாப்பிடமாட்டேன் என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள்.

கழிவறையில் தண்ணீர் இருக்காது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டாய்லெட்டில் பொருத்தும், தண்ணீர் பீய்ச்சும் சின்ன பிடே ஒன்று ஆன்லைனில் கிடைக்கும், அது வரும்வரை ஒரு குவளை.

ரூம்மேட் தேடும் வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே சிலர் ஊரையும் உணவையும் கேட்டுச் சுற்றிவளைத்துச் சாதிக்கு வருவார்கள். கடல் தாண்டியும் இது விடவில்லை என்பதால்தான் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும், கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகங்கள் 2022இலும் தங்கள் பாகுபாட்டு எதிர்ப்பு விதிகளில் சாதியைச் சேர்த்தன. சியாட்டில் நகரம் 2023இல் சட்டமே போட்டது. கேட்பவரோடு வீடு எடுக்காதீர்கள்.

பேச்சு: அவர்களுடைய 'சாப்பிட்டாச்சா'

'ஹௌ ஆர் யூ' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்க்கொண்டே இருப்பார்கள். முதல் மாதம் முழுக்க எனக்கு இது அவமானமாக இருந்தது. கேட்டார்களே என்று தலைவலியைச் சொல்ல ஆரம்பித்தால் ஆளே இல்லை. பிறகுதான் உறைத்தது. தெருவில் பார்க்கிற பெரியப்பாவிடம் நாம் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கிறோமே, அவர் சாப்பிடவில்லை என்றால் கையோடு சோறு வைத்திருக்கிறோமா? அது விசாரிப்பு இல்லை, வணக்கம். இதுவும் அப்படித்தான். 'குட், யூ?' என்று சொல்லிக்கொண்டே நடங்கள்.

'ஒருநாள் காபி சாப்பிடலாம்' என்பதும் அதே ரகம், நம் 'வீட்டுப் பக்கம் வாங்க' மாதிரி. காத்திருந்து ஏமாற வேண்டாம். 'வியாழக்கிழமை நாலு மணிக்கு முடியுமா?' என்று நீங்களே நாள் குறியுங்கள். விருப்பம் இருந்தால் உடனே போனில் குறித்துக்கொள்வார்கள். அவர்கள் நட்பு இப்படித்தான் நடக்கிறது, நேரம் குறித்து. சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தட்டினால் பதறிப்போவார்கள்.

நன்றி சொல்வது இன்னொன்று. தமிழில் நெருங்கியவர்களுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை, சொன்னால் அந்நியப்படுத்தின மாதிரி. அமெரிக்காவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு, கதவைப் பிடித்தவருக்கு, உப்பை நகர்த்தியவருக்கு, எல்லாருக்கும் நன்றி. சொல்லாவிட்டால் திமிர் என்று நினைப்பார்கள். கூச்சத்தை விட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நம் ஆங்கிலமும் சில இடங்களில் காலை வாரும். 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால், நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்று பேராசிரியருக்குக் கேட்கும். 'கொஸ்டின்' என்று சொல்லுங்கள். '2023இல் பாஸ்டு அவுட்' என்றால் மயங்கி விழுந்தீர்களா என்று கேட்பார்கள். அழிக்கிற ரப்பரை 'ரப்பர்' என்று கடன் கேட்கவே கேட்காதீர்கள், அங்கே அது ஆணுறை. தலையை இடவலமாக ஆட்டுவது ஆமாவா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியாது, வாயைத் திறந்து சொல்லுங்கள். சம்பளம், வயது, எடை, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை: இவற்றை நீங்களாகக் கேட்க வேண்டாம்.

வகுப்பு: ரெக்கார்டு நோட்டை மறங்கள்

மற்ற எல்லாத் தவறையும் சிரித்து மன்னிப்பார்கள், இங்கே மட்டும் மாட்டார்கள். நம் பொறியியல் கல்லூரிகளில் சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவது ஏறக்குறைய பாடத்திட்டத்தின் பகுதி. அசைன்மென்ட்டை ஒருத்தன் போடுவான், அறுபது பேர் எழுதுவோம். அதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை, உதவி என்றுதான் சொன்னார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அதற்குப் பெயர் கல்வி நேர்மைக் குற்றம். நிரல்களை ஒப்பிடும் மென்பொருள் இருக்கிறது, மாறியின் பெயரை மட்டும் மாற்றினால் தப்பிக்க முடியாது. பாடத்தில் பூஜ்யம், விசாரணை, அதிகம் போனால் நீக்கம். நீக்கினால் விசாவும் போச்சு. கொடுத்தவரும் வாங்கியவரும் இரண்டு பேரும் மாட்டுவார்கள், அதனால் 'மச்சி, ஒரு தடவை அனுப்புடா' என்பவருக்கும் இரங்காதீர்கள்.

செய்ய வேண்டியது இது. முதல் நாள் தரும் சிலபஸை ஒப்பந்தப் பத்திரம் மாதிரி வரி விடாமல் படியுங்கள். யாரோடு சேர்ந்து செய்யலாம், எதைத் தனியே செய்ய வேண்டும், சாட்ஜிபிடி போன்றவற்றுக்கு அனுமதி உண்டா என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். தெளிவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள்.

ஆபீஸ் ஹவர்ஸ் என்று ஒன்று உண்டு. வாரத்தில் இன்ன நேரம் பேராசிரியர் தன் அறையில் மாணவருக்காகவே உட்கார்ந்திருப்பார். நம் ஊரில் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டால் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று பொருள், அந்தப் பயத்தில் நான் முதல் செமஸ்டர் முழுவதும் போகவில்லை. போன முதல் நாளே, இரண்டு வாரமாக மண்டையை உடைத்த கணக்கு பத்து நிமிடத்தில் தீர்ந்தது. ஒரு கேள்வியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு இரண்டாவது வாரத்திலேயே போய்விடுங்கள். வகுப்பில் பேசுவதற்கும் சில பாடங்களில் மதிப்பெண் உண்டு, அடக்கமாக இருப்பது அங்கே தயாராகாமல் வந்ததாகத் தெரியும். பேராசிரியரை முதல் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழவில்லையா, 'புரொஃபசர்' என்று கூப்பிடுங்கள், அது எப்போதும் தப்பில்லை.

காசு, உடம்பு, போலீஸ்

விலைச்சீட்டில் இருப்பது முழு விலை இல்லை, பெரும்பாலான மாநிலங்களில் கல்லாவில் விற்பனை வரி சேரும். உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் 15 முதல் 20 சதவீதம் டிப் வைக்க வேண்டும். பரிமாறுபவருக்கு மத்திய அரசு வைத்த குறைந்தபட்ச ஊதியம் 1991 முதல் மணிக்கு 2.13 டாலர்தான், மீதியை டிப்தான் ஈடுகட்ட வேண்டும். சில மாநிலங்களில் கூடுதல் உண்டு, இருந்தும் வழக்கம் மாறவில்லை. கட்டுப்படி ஆகாதென்றால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

உடம்புக்கு முடியாவிட்டால் முதலில் வளாக மருத்துவமனை, அது மூடியிருந்தால் அவசரமில்லாத சிகிச்சைக்கு முன்பதிவில்லாமல் போகும் அர்ஜென்ட் கேர் கிளினிக், உயிர் பிரச்சினை என்றால் மட்டும் எமர்ஜென்சி. சாதாரணக் காய்ச்சலுக்கு எமர்ஜென்சி போய் ஆயிரக்கணக்கில் பில் வாங்கியவர்கள் உண்டு. வரிக் கணக்கு: ஒரு டாலர் சம்பாதிக்காவிட்டாலும் 8843 என்ற படிவத்தை வரித்துறைக்கு அனுப்ப வேண்டும்.

போலீஸ் விஷயத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். நம் ஊரில் நிறுத்தினால் ஆர்சி புக்கோடு இறங்கிப் போய் 'சார்' என்று பேசுவோம். அமெரிக்காவில் காரை விட்டு இறங்கக் கூடாது. ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி வையுங்கள். உரிமம் பையில் இருந்தால், எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எடுங்கள். பணம் கொடுத்துச் சரிக்கட்டலாம் என்ற நினைப்பே வரக் கூடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். சிகாகோவில் டிசம்பர் தொடக்கத்தில் மாலை 4:20க்கே சூரியன் மறைந்துவிடும். வெயிலிலேயே வளர்ந்தவர்களுக்கு இது வெறும் இருட்டாக இருக்காது, காரணம் தெரியாத சோர்வாக வரும். பகல் வகுப்புகளுக்கு நடுவே அரை மணி நேரம் வெளியே நடப்பதை டைம்டேபிளில் எழுதி வையுங்கள். குளிருக்குப் பயந்து அறைக்குள் கிடப்பதுதான் மோசம்.

இந்தக் காலத்தில் இயல்பாகவே நம் ஆட்களோடு ஒட்டிக்கொள்வோம். நாலு பேர் ஒரே வீட்டில், சாம்பார், சேர்ந்து ஒரு படம், நள்ளிரவுவரை தமிழ்ப் பேச்சு. அதை விட்டுவிட்டு அமெரிக்கர்களோடு கலந்துவிடு என்று உபதேசிப்பவர்களை நான் நம்புவதில்லை. அந்த வீடுதான் என்னைக் காப்பாற்றியது. என்ன, அந்த வீட்டைத் தவிர வேறொன்றும் இல்லாமல் போனபோது, அங்கே ஒரு சண்டை வந்ததும் எனக்கு அமெரிக்காவிலேயே யாரும் இல்லாமல் போய்விட்டது. ஆகவே வீட்டுக்கு வெளியே வாரம் ஒருமுறை, ஒரே இடம், ஒரே நேரம், ஒரே முகங்கள் என்று ஒன்றைப் பிடித்துவையுங்கள். எனக்கு அது பூப்பந்து. கோயில் சமையலறை, உணவு வங்கி, போர்டு கேம் கிளப், எதுவானாலும் சரி. செப்டம்பரிலேயே சேர்ந்துவிட வேண்டும், அக்டோபரில் புது ஆட்களிடம் பேசும் தெம்பு இருக்காது.

நவம்பர் நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. வளாகம் காலியாகும், கேன்டீன் மூடும், பஸ் ஓடாது. யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். வான்கோழி சாப்பிடாவிட்டாலும் உருளைக்கிழங்கு, கிரான்பெரி, பூசணி பை இருக்கும். எத்தனை மணிக்கு என்றார்களோ அத்தனை மணிக்கே போங்கள், கையில் ஒரு இனிப்பு. யாரும் கூப்பிடவில்லை என்றால் கிராசரியை முதல் நாளே வாங்கிவையுங்கள்.

வீட்டுக்குப் போன் செய்ய நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க வீடியோ காலைத் திறந்தே வைத்திருப்பவர்கள் இரண்டு ஊரிலும் இல்லாமல் போகிறார்கள். 'நல்லா இருக்கேன்' என்று மட்டுமே சொல்லிப் பழகாதீர்கள், முழுக்கச் சொல்ல முடியாவிட்டால் 'இந்த வாரம் கொஞ்சம் கஷ்டம்' என்றாவது சொல்லுங்கள். கடன் வாங்கி அனுப்பினார்களே என்ற பாரத்தில் அதைக்கூட விழுங்கிவிடுகிறோம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வகுப்புக்குப் போக மனம் வராமல் இருந்தால் அது வெறும் ஊர் ஏக்கம் இல்லை. வளாகத்தில் கவுன்சிலிங் மையம் இருக்கும், பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே கட்டிய கட்டணத்திலேயே அடங்கும். உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர, அங்கே சொல்வது ரகசியம், விசா அலுவலகத்துக்கோ பெற்றோருக்கோ போகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உங்களுக்கோ நண்பருக்கோ வந்தால் 988 என்ற உதவி எண், எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். உடனடி ஆபத்து என்றால் 911.

பலருக்குத் தெரியாத ஒரு வழியும் உண்டு. உடல்நலமோ மனநலமோ சரியில்லை என்றால் மருத்துவர் அல்லது உளவியலாளர் கடிதத்தோடு பாடச் சுமையைக் குறைத்துக்கொள்ள எஃப்-1 விதி இடம் தருகிறது, மொத்தம் 12 மாதம் வரை. ஆனால் முதலில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதி, அதற்குப் பிறகுதான் பாடத்தை விடுவது. வரிசையை மாற்றினால் விசா நிலை முறிந்துவிடும்.

ஊருக்குப் போகும்போது

முதல் கோடை விடுமுறைக்கு டிக்கெட் போடும் முன் ஐ-20இன் இரண்டாம் பக்கத்தில் பயணக் கையொப்பம் வாங்குங்கள், படிக்கும் காலத்தில் ஓராண்டு செல்லும். விசா முத்திரையின் காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள்.

அதிர்ச்சி திரும்பிப் போகும்போதும் உண்டு. மீனம்பாக்கத்திலிருந்து வரும் வழியெல்லாம் ஹாரன் சத்தம் எனக்குத் தலைக்குள் அடித்தது, சாலையைக் கடக்கத் தெரியாமல் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் காலை அம்மா தட்டில் தோசை வைத்தார். பழக்கதோஷத்தில் 'தேங்க்ஸ்மா' என்று வந்துவிட்டது. அம்மா கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தார்.

'என்னடி, யாரோ எவரோ மாதிரி பேசுற?'